வியாசர்பாடியில் ஒரு வாரம், பொக்காராவில் நாலு மேட்ச்

2019 டிசம்பர் 3, செவ்வாய்

மழை விட்ட மறுநாளே வடசென்னைக்கு வராதே என்று அக்கா போனில் சொல்லிப் பார்த்தாள். நான் அதற்குள் நெய்வேலி பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் சீட் பிடித்து உட்கார்ந்துவிட்டேன். பண்ருட்டி தாண்டும்வரை தூங்கவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு, அப்புறம் சொல்கிறேன். விடியற்காலை கோயம்பேடு, மெட்ரோவில் சென்ட்ரல், அங்கிருந்து எலெக்ட்ரிக் ட்ரெயினில் பேசின் பிரிட்ஜுக்கு அடுத்த ஸ்டேஷன். வியாசர்பாடி ஜீவா. 1952 தேர்தலில் வண்ணாரப்பேட்டையில் ஜெயித்த ப. ஜீவானந்தத்தின் பெயர். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். கணேசபுரம் சுரங்கப்பாதைப் பக்கமே போகாதே என்று அக்கா முன்பே எச்சரித்திருந்தாள். நாலு தூறல் விழுந்தாலே அது குளம்.

வீட்டு வாசலை நான் அடைந்தபோது, எனக்கு முன்னால் ஒரு சேற்று உருவம் உள்ளே நுழைந்தது. “உள்ள வராத, பின்பக்கமா போ!” என்று அக்கா கத்தியது என்னையோ என்று ஒரு நொடி திகைத்தேன்.

அக்கா மகள். ஒன்பதாவது படிக்கிறாள். அவள் பெயரைச் சொல்லிக் கேட்டால் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘கோலி’ என்றால் வாண்டுகள்கூடக் கையைப் பிடித்து வீட்டில் கொண்டுவந்து விடும். பெண்கள் டீமின் கோல்கீப்பர். முட்டியில் இரண்டு காயம், ஒன்று பழசு.

நான் வந்தது ஊர் சுற்றிப் பார்க்க. ஆனால் வந்த நாள் அப்படி அமைந்துவிட்டது. நேபாளத்தில் தெற்காசிய விளையாட்டுப் போட்டி நடக்கிறது. இது 13-வது. காத்மாண்டு, பொக்காரா, ஜனக்பூர் என்று மூன்று ஊரில் பிரித்து நடத்துகிறார்கள். பெண்கள் கால்பந்து பொக்காராவில். இந்தியா, நேபாளம், இலங்கை, மாலத்தீவு, நாலே டீம். எல்லாரும் எல்லாரோடும் ஒருமுறை ஆடி, முதல் இரண்டு இடம் பிடிக்கிறவர்கள் ஃபைனலுக்குப் போவார்கள். இன்று இந்தியாவுக்கு முதல் மேட்ச்.

அக்கா வீட்டு டிவியில் எல்லாச் சேனலையும் திருப்பிப் பார்த்தோம். அகப்படவில்லை. சாயங்காலம் போனில் ஸ்கோர் பார்த்தேன். மாலத்தீவுக்கு எதிராக 5-0.

“அஞ்சு கோலு!” என்றேன்.

“கோலி யாரு சித்தி?”

செய்தியில் மேலும் கீழும் தேடினேன். கோல் போட்டவர்கள் பெயர் எல்லாம் இருந்தது, நிமிடத்தோடு. கோல் விடாமல் நின்றவள் பெயர் இல்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லை. தினக்காலண்டரில் மூன்றாம் தேதித் தாளைக் கிழித்து, பின்பக்கம் பெரிதாக ஒரு சைபர் போட்டு, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். ஐந்தை எழுதவில்லை.

டிசம்பர் 4, புதன்

இன்று பெரியமேடு. நேரு ஸ்டேடியத்தைச் சுற்றி விளையாட்டுச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கோலிக்கு ஒரு ஜோடி கிளவ்ஸ் வாங்கித் தருவதாக நேற்று ராத்திரி வாக்குக் கொடுத்திருந்தேன். இதுவரை அவள் போட்டது யாரோ ஒரு அண்ணன் கழித்துக் கட்டியது. உள்ளங்கை ரப்பர் தோசைக்கல்லில் ஒட்டிய மாதிரி உரிந்து கிடக்கிறது.

நாலு கடை ஏறினேன். எல்லா இடத்திலும் எட்டு, ஒன்பது, பத்து. “பசங்க சைஸ்தான் மேடம் ஓடும்” என்றார் ஒரு கடைக்காரர். ஏழு இருக்கிறதா என்று கேட்டதற்கு, சின்னப் பிள்ளை கிளவ்ஸ் ஒன்றை எடுத்துக் காட்டினார். அது பொம்மை. கடைசியில் எட்டு என்று சொல்லி ஒன்றைக் கொடுத்தார்கள், 450 ரூபாய். வெளியே வந்து திருப்பிப் பார்த்தால் ஒன்பது என்று அச்சாகியிருக்கிறது. திரும்பிப் போய்க் கேட்கச் சோம்பல். இது என் தப்பு, எழுதி வைக்கிறேன்.

ஸ்டேடியத்தைச் சுற்றி ஒரு நடை. 1993-ல் நேரு கோப்பை நடந்த இடம். 1995 டிசம்பரில் இதே தெற்காசியப் போட்டி, அன்றைக்கு ‘சாஃப் கேம்ஸ்’ என்று பெயர், இந்த ஊரில்தான் நடந்தது. அப்போது ஊர் இன்னும் மெட்ராஸ்.

மாமா அதைப் பார்த்தவர். இன்று ராத்திரி சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். சாப்பாட்டில் வெங்காயம் இல்லை. கிலோ 150 ரூபாயைத் தாண்டிப் போனதிலிருந்து அக்கா வெங்காயத்தை நகை மாதிரிப் பூட்டி வைத்திருக்கிறாள்.

“ஃபைனலு இந்தியா, பங்களாதேஷ். ஒண்ணு-சைபர். நம்ம ஜெயிச்சோம். நானும் ஃபிரெண்டுங்களும் இங்கேர்ந்து நடந்தே போயி நடந்தே வந்தோம். மூணு நாள் தொண்டை இல்ல எனக்கு.”

“பெண்கள் மேட்ச் பார்த்தீங்களா மாமா?”

“அப்ப ஏது பொம்பளைங்க ஃபுட்பால்?”

அவர் சொன்னது சரிதான். ஆண்கள் கால்பந்து இந்தப் போட்டியில் 1984-லேயே வந்துவிட்டது. பெண்களுக்கு 2010-ல், டாக்காவில்தான் கதவு திறந்தது. அதில் இந்தியாவுக்குத் தங்கம். 2016-ல் ஷில்லாங்கில் மறுபடியும் தங்கம். இரண்டு தடவையும் ஃபைனலில் தோற்றது நேபாளம்.

இன்னொன்று சொன்னேன். இந்தத் தடவை ஆண்கள் கால்பந்துக்கு இந்தியா டீமே அனுப்பவில்லை, பெண்கள் மட்டும்தான் போயிருக்கிறார்கள். மாமா நம்பவில்லை. போனைக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். “அப்ப கிரவுண்டு ஃபுல்லா இவளுங்களுக்குத்தானா?” என்றார். கோலி தட்டிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

டிசம்பர் 5, வியாழன்

ஐந்து மணிக்கு எழுந்து அவளோடு கிரவுண்டுக்குப் போனேன். போகும் வழியில் மூன்று வீட்டுக் கதவைத் தட்டினாள். ஒவ்வொரு கதவிலிருந்தும் ஒரு பெண் வந்து சேர்ந்தாள். எல்லாரும் ஜெர்சி மேல் சுடிதார் டாப் போட்டிருந்தார்கள். கிரவுண்டு வந்ததும் கழற்றி ஒரு கட்டைப்பையில் திணித்துச் சுவரோரம் வைத்தார்கள். அரை டிரவுசருக்கு உள்ளே கறுப்பு லெகிங்ஸ். தெருவைக் கடக்க ஒரு உடுப்பு, ஆட ஒரு உடுப்பு. யாரும் சொல்லிக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

மொத்தம் பதினாறு பேர். பெண்களுக்குக் கிரவுண்டு காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை. ஏழுக்கு மேல் பையன்கள். சாயங்காலம் முழுக்கப் பையன்கள். ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்குப் பெரியவர்கள் டீம் ஒன்று வரும். அவர்களை யாரும் எதுவும் கேட்க முடியாது. இந்த ஒன்றரை மணி நேரத்தையே கோச் அண்ணன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் பேசிப் பேசி வாங்கியிருக்கிறார். அதற்கு முன்பு கோல் போஸ்ட்டுக்குப் பின்னால், குப்பைமேட்டை ஒட்டிய பட்டையில்தான் பயிற்சி.

கோச் அண்ணன் லோடு வண்டி ஓட்டுகிறார். எட்டு மணிக்கு அவருக்கு டிரிப். சம்பளம் கிடையாது. இளமையில் ஒரு டிவிஷன் டீமில் பேக் ஆடியவர், வலது கால் இப்போதும் கொஞ்சம் இழுக்கும். “பந்தைப் பாக்காத, ஆளைப் பாரு. பந்து எங்கியும் ஓடிப் போவாது” என்று ஒன்றரை மணி நேரத்தில் நாற்பது தடவையாவது சொன்னார்.

நான் இன்று கவனித்த முக்கியமான விஷயம் தண்ணீர். யாருமே குடிக்கவில்லை. ஓடி ஓடி நாக்கு வறண்டு நிற்கிறார்கள், பாட்டில் பைக்குள் நிறைந்தபடியே இருக்கிறது. முதலில் எனக்குப் புரியவில்லை. அப்புறம் சுற்றும்முற்றும் பார்த்தேன். கிரவுண்டில் பாத்ரூம் இல்லை. பையன்களுக்குச் சுவர் இருக்கிறது. பக்கத்துச் சந்தில் ஒரு ஆயா வீடு மட்டும் இவர்களுக்குத் திறந்திருக்குமாம், அவர் ஊரில் இருந்தால். இந்த வாரம் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார்.

வியாசர்பாடியை ‘மினி பிரேசில்’ என்று பேப்பரில் எழுதுவார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிப்பதில்லை. ஏழைகள் வெறுங்காலில் பந்து உதைத்தால் போதும், உடனே பிரேசில் என்றுவிடுவது. இங்கே கால்பந்து வேர்பிடித்ததற்கு இந்த மண்ணிலேயே காரணம் இருக்கிறது. பக்கத்தில் பின்னி மில். பக்கிங்காம் ஆலை 1876-ல் வந்தது. கர்நாடிக் ஆலை அடுத்து. 1918-ல் மெட்ராஸ் லேபர் யூனியன் பிறந்ததே அந்தத் தொழிலாளர்களுக்காகத்தான். அந்தண்டை ரயில்வே, 1955-லிருந்து ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை, இந்தண்டை துறைமுகம். கம்பெனிக்கு ஒரு டீம், நன்றாக ஆடினால் ஒரு வேலை. அப்பன் ஆடி வேலை வாங்கினான் என்றால் பிள்ளைக்குப் பந்து வாங்கிக் கொடுப்பான். மில் மூடிய பிறகும் பந்து தெருவில் தங்கிவிட்டது. சென்னையின் எஃப்சிக்கு ஆடி இந்தியன் சூப்பர் லீக் கோப்பை தூக்கிய தனபால் கணேஷ் இந்தப் பகுதிப் பையன்தான். கேரம் போர்டில் உலகச் சாம்பியனான இளவழகியும் வியாசர்பாடிதான். கேரம் வீட்டுக்குள் ஆடலாம், கிரவுண்டு வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. அவரிடம் கேட்டால் வேறு கதை சொல்வாராக இருக்கும்.

சாயங்காலம் ஸ்கோர்: இலங்கைக்கு எதிராக 6-0. இதில் சந்தியா ரங்கநாதன் இரண்டு கோல்.

நான் பண்ருட்டி தாண்டும்வரை விழித்திருந்த காரணம் இவர்தான். எங்கள் கடலூர் மாவட்டம், பண்ருட்டிப் பெண். அரசு விடுதியில் தங்கிப் படித்து ஆடி வந்தவர். இன்னொருவர் இந்துமதி கதிரேசன், அவரும் கடலூர். போன வருஷம் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை 2-1 என்று தோற்கடித்து முதல்முறையாக தேசியப் பட்டம் வென்றபோது, எங்கள் குவார்ட்டர்ஸில் அதைப் பற்றிப் பேசியது நானும் தபால்காரரும் மட்டும். நான் படித்த பள்ளியில் பி.டி. பீரியடில் பையன்களுக்குப் பந்து, எங்களுக்கு வளையம். ஒருநாள் பந்து எங்கள் பக்கம் உருண்டு வந்தது. ஓடிப்போய் ஒரு உதை விட்டேன். நல்ல உதை, நேராகப் போயிற்று. “ஏம்மா, கையால எடுத்துப் போட மாட்டியா?” என்றார் பி.டி. சார். முப்பது வருஷமாகிறது. பஸ்ஸில் அந்த ஊர்களைக் கடக்கும்போதெல்லாம், எந்தக் கிரவுண்டில் இவர்களுக்குப் பந்தைக் காலால் உதைக்க விட்டார்கள் என்று எட்டிப் பார்ப்பேன். இருட்டில் ஒன்றும் தெரியாது.

கோலிக்கு இதில் அக்கறை இல்லை. “சைபரா? இன்னிக்கும் சைபரா?” என்றாள். இரண்டாவது தாள் சாமி படத்துக்குப் பின்னால் போயிற்று. நேற்றைக்கு முந்தின நாள் கேட்ட கேள்விக்கு நான் ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தேன். இந்திய டீமின் கோலிகளில் அதிதி சௌகான் என்று ஒருவர். 2015-ல் லண்டன் போய் வெஸ்ட் ஹாம் பெண்கள் டீமுக்கு ஆடியவர். வளர்ந்தது டெல்லி, பிறந்தது சென்னை.

“சென்னையா? எந்த ஏரியா?”

மாட்டிக்கொண்டேன்.

டிசம்பர் 6, வெள்ளி

அம்பேத்கர் நினைவு நாள். காலையிலிருந்து தெருமுனையில் நீலக் கொடி, மைக் செட், படத்துக்கு மாலை. பயிற்சி முடிந்து பதினாறு பேரும் சேற்றோடு வரிசையில் நின்று பூப் போட்டார்கள். மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்தி, “நம்ம ஏரியா வீராங்கனைகள்” என்று ஒரு வார்த்தை சொன்னார். அதற்கே பத்து நிமிஷம் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு மழை. வீட்டிலேயே இருந்தேன்.

டிசம்பர் 7, சனி

விடியும் முன் மாமா என்னைக் காசிமேட்டுக்கு பைக்கில் கூட்டிப் போனார். மீன் ஏலம் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. கூடையைக் கொட்டுவதற்கும் விலை முடிவதற்கும் இடையில் நான் ஒருமுறை கண் சிமிட்டியிருப்பேன், அவ்வளவுதான் நேரம். வாங்குவதிலும் விற்பதிலும் பெண்கள் குரல்தான் ஓங்கி ஒலித்தது. தள்ளி நின்ற என்னை ஒரு அம்மா, “வாங்கறதுனா வா, வேடிக்கைனா அந்தாண்ட போ” என்றார். போய்விட்டேன். மாமா வாங்கிய சுறாவை அக்கா புட்டாக்கினாள். அதற்கு மட்டும் பூட்டிய வெங்காயம் வெளியே வந்தது.

வரும் வழியில் ராயபுரம் ஸ்டேஷன். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ம் தேதி இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. முகப்பில் வரிசையாக உயரத் தூண்கள். பிளாட்பாரத்தில் இரண்டு நாய்கள், ஒரு போலீஸ்காரர், நான். இத்தனை வயசான கட்டடத்துக்கு இத்தனை அமைதி கிடைத்திருப்பது நல்லதா கெட்டதா என்று மாமாவிடம் கேட்டேன். “ரெண்டு டீ சொல்லட்டா?” என்றார்.

மத்தியானம் தனியாக பாரிமுனைப் பக்கம் போய் அத்தோ சாப்பிட்டேன். பர்மாவிலிருந்து 1960-களில் திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ். கையாலேயே பிசைந்து, பொரித்த வெங்காயம், புளித்தண்ணி, மிளகாய்த்தூள் போட்டுக் கொடுப்பார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். வெங்காயம் இன்று எண்ணி எடுத்துப் போட்ட மாதிரி இருந்தது, கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது.

சாயங்காலம் எல்லாரும் என் போனைச் சுற்றி. இன்று எதிரணி நேபாளம், அதுவும் அவர்கள் ஊரில். இது லேசான டீம் இல்லை. நேபாளத்தின் பெரிய ஃபார்வர்டு சபித்ரா பண்டாரி இந்த வருஷம் நம்ம மதுரை சேது எஃப்சிக்கு ஆடியவர். மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று ஜெயித்து சேது இந்தியப் பெண்கள் லீக் கோப்பையை வாங்கியது. சந்தியாவும் அந்த சேது டீம்தான். மதுரைக்கு ஒன்றாக ஆடியவர்களை பொக்காரா எதிரெதிர்க் கட்சியாக்கிவிட்டது.

1-0. அந்த ஒரு கோல் சந்தியா ரங்கநாதன்.

நான் கத்தியதில் பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதுவிட்டது. “உங்க ஊரு பொண்ணா?” என்று அக்கம்பக்கத்தில் நாலு பேர் வந்து கேட்டார்கள். அக்காவுக்கும் அதே ஊர்தான் என்பது இருபது வருஷத்துக்குப் பிறகு இன்று நினைவுக்கு வந்தது போல, “எங்க ஊரு, எங்க ஊரு” என்றாள். கோலி மூன்றாவது சைபரைப் போட்டுவிட்டுச் சீக்கிரம் படுத்தாள். நாளைக்கு அவளுக்கு மேட்ச்.

டிசம்பர் 8, ஞாயிறு

காசிமேட்டுப் பெண்கள் ஒன்பது பேர், இரண்டு ஷேர் ஆட்டோவில் ஐந்தரைக்கே வந்துவிட்டார்கள். செவன்ஸ், பக்கத்துக்கு ஏழு பேர். பாதிக்கு முப்பது நிமிஷம், நடுவில் ஐந்து நிமிஷம், ஏழுக்குள் முடிக்க வேண்டும். கோப்பை இல்லை, பரிசு இல்லை. ஜெயிக்கிறவர்களுக்குத் தோற்கிறவர்கள் டீ வாங்கித் தர வேண்டும்.

காசிமேட்டுக்காரர்கள் மணலில் பழகியவர்கள். மணலில் ஓடிய காலுக்கு இந்த ஈரத்தரை சிமென்ட் ரோடு மாதிரி. அவர்கள் பந்தை உதைத்தால் வரும் சத்தமே வேறு. இரண்டு பேர் ஷூ இல்லாமல் ஆடினார்கள். அவர்களுடைய ஃபார்வர்டு, கோலியை விட ஒரு சாண் உயரம்.

என் கிளவ்ஸ் கதை இனிமேல்தான். சைஸ் ஒன்பது, கோலியின் கை ஆறோ ஏழோ. மணிக்கட்டில் இரண்டு ரப்பர் பேண்டு சுற்றி இறுக்கியிருந்தாள். அரை மணி நேரத்தில் தண்ணீர் ஏறி கிளவ்ஸ் ஊறிப்போயிற்று. உயரக்காரப் பெண் தூரத்திலிருந்து ஒன்று விட்டாள், ஒன்றும் பெரிய உதையில்லை. கோலி சரியான இடத்தில் நின்றாள், சரியாகக் கையை வைத்தாள். பந்து கிளவ்ஸில் பட்டது, கிளவ்ஸ் திரும்பிக்கொண்டது. விரல் இல்லாத ரப்பரைத் தள்ளிவிட்டு பந்து உள்ளே போயிற்று.

நான் சுவரோரம் கட்டைப்பைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்துவிடுவாளோ என்று குனிந்துகொண்டேன். அவள் பார்க்கவில்லை. கிளவ்ஸைக் கழற்றி போஸ்ட் பக்கத்தில் வைத்துவிட்டு வெறுங்கையோடு நின்றாள்.

இரண்டாவது பாதியில் ஒரு கார்னரில் இன்னொரு கோல் வாங்கினாள். இவர்கள் ஒன்று திருப்பினார்கள். 2-1. அப்போது பார்த்தால் பெரியவர்கள் டீம் வந்து நிற்கிறது. மணி ஆறே முக்கால்தான். மேட்ச்சில் எட்டு நிமிஷம் பாக்கி. ஏழு, எட்டு பேர், தொப்பையும் ஸ்டட்ஸுமாக, கோட்டுக்கு உள்ளேயே நின்று காலை மடக்கி நீட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் நடுவில் கூம்பு வைக்க ஆரம்பித்தார். கோச் அண்ணன் கையைக் கூப்பிக்கொண்டு அவர்களை நோக்கி நடந்தார். அந்தக் கூப்பிய கை எனக்குப் பிடிக்கவே இல்லை.

அந்த நேரம் பந்து உருண்டு போய் அவர்களில் ஒருவர் காலடியில் நின்றது. நரைத்த மீசை, பழைய ரயில்வே ஜெர்சி. அவர் காலை பந்து மேல் வைத்தார். பதினாலு பெண்களும் அப்படியே நின்றார்கள். கோச் பாதி வழியில் நின்றார். யாரும் ஒன்றும் பேசவில்லை. கோலி மட்டும் போஸ்ட்டிலிருந்து, “அண்ணா, பந்து!” என்று கத்தினாள். கெஞ்சல் இல்லை, கோபமும் இல்லை. தெருவில் பந்து யார் வீட்டுக்குள் விழுந்தாலும் கேட்கும் அதே குரல்.

அவர் அவளை ஒருமுறை பார்த்தார். பாதத்தின் உள்பக்கத்தால், அழகான ஒரு பாஸ், நேரே அவளுக்கு. “ஆடுங்க, ஆடுங்க. எட்டு நிமிஷந்தான்” என்றார். கூம்பு வைத்தவரிடம் எடு என்று சைகை. இரண்டு நிமிஷம் கைகட்டி நின்றார். மூன்றாவது நிமிஷத்தில், “லெஃப்ட்ல ஆள் காலியா நிக்குது, குடேன்!” என்று கத்த ஆரம்பித்தார். முடிகிறபோது லைனோரம் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருந்தார், கோச் அண்ணனை விட அதிகமாக.

2-1 தான். தோற்றார்கள். பதினைந்து டீக்குக் காசு நான் கொடுத்தேன், கிளவ்ஸ் கணக்கில். அந்த மீசைக்காரர் டீமுக்கும் சேர்த்து வாங்குவதா என்று ஒரு விவாதம் நடந்தது. வேண்டாம் என்று முடிவானது. அவர் எட்டு நிமிஷம் கொடுத்தது நிஜம், அதை அவரே கொடுத்தார் என்பதுதான் எனக்கு உறுத்தல். கோலியிடம் இதைச் சொன்னேன். “அடுத்த வாரம் அஞ்சு மணிக்கே ஸ்டார்ட் பண்ணிக்கலாம் சித்தி” என்றாள்.

டிசம்பர் 9, திங்கள்

ஃபைனல். இந்தியா, நேபாளம், மூன்றாவது முறையாக.

பகலில் வண்ணாரப்பேட்டை போய் வந்தேன். மெட்ரோ இப்போது அதுவரைதான். அதற்கு மேல் திருவொற்றியூர்ப் பக்கம் இன்னும் தூண் நட்டுக்கொண்டிருக்கிறார்கள். அக்காவுக்கு எம்.சி. ரோட்டில் ஒரு சேலை, நாளை கார்த்திகை தீபத்துக்கு இரண்டு டஜன் அகல் விளக்கு. கூட்டத்தில் ஒரு விளக்கு உடைந்தது. கிளவ்ஸை மாற்றலாம் என்று பையில் எடுத்துப் போயிருந்தேன், பெரியமேட்டில் இறங்கத்தான் தைரியம் வரவில்லை. சேறு பட்ட சாமானை யார் திருப்பி எடுப்பார்கள்?

சாயங்காலம் மாமா வேலையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டார். தொண்ணூற்றைந்துக்குப் பிறகு ஒரு ஸ்கோருக்காக அவர் இப்படி வந்ததில்லை என்றாள் அக்கா. 2-0. இரண்டு கோலும் பாலா தேவி. மணிப்பூர்க்காரர், மணிப்பூர் போலீஸ். மூன்று போட்டி, மூன்று தங்கம், மூன்று தடவையும் எதிரில் நேபாளம். அந்தப் பெண்களை நினைத்தால் பாவமாகவும் இருந்தது. சொந்த ஊர், சொந்த ஜனம் பார்த்திருக்க.

கோலி எல்லாத் தாளையும் எடுத்துத் தரையில் வரிசையாகப் பரப்பினாள். நாலு மேட்ச், இந்தியா போட்டது பதினாலு கோல், வாங்கியது ஒன்றுகூட இல்லை. மூன்றாம் தேதி 0, ஐந்தாம் தேதி 0, ஏழாம் தேதி 0. அப்புறம் எட்டாம் தேதி, அதில் 2. அப்புறம் இன்றையது 0.

“எட்டாம் தேதி உன்னோட மேட்ச்சு, அது எதுக்கு இதுல?”

“கோல் வாங்கினதுதான சித்தி எழுதுறேன்” என்று ஐந்தையும் ஒரு ரப்பர் பேண்டில் சுற்றினாள். நேற்று மணிக்கட்டில் போட்ட அதே ரப்பர் பேண்டு.

நாளை மத்தியானம் எனக்கு பஸ். கிளவ்ஸை எடுத்துப் போகிறேன், ஏழு கிடைத்தால் வாங்கிக் கூரியரில் அனுப்புகிறேன் என்று சொன்னேன். வேண்டாம், இருக்கட்டும், கை வளரும் என்றாள். கழுவிக் கொடியில் போட்டிருக்கிறாள். காற்றே இல்லை, நுனியிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது. ஐந்து மணிக்கு அலாரம் வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.